டிங்கர் ஓடையில் மூன்று அலைகள்

டிங்கர் ஓடைத் தரைப்பாலத்துக்கு நான் வரைந்த வெள்ள எச்சரிக்கைப் பலகையில் மூன்று அலைகள், மேலே ஒரு கார். அலைகளின் வளைவுக்கே இரண்டு வாரம் ஆனது. என் மனைவி பார்த்துவிட்டு, "சோப்பு விளம்பரமா?" என்றாள். கலை தெரியாதவள் என்று மன்னித்தேன்.

பருவத்தின் முதல் மழைக்கு மறுநாள், வெள்ள மீட்புத் தொண்டர் நோலீன் சேற்றுப் பூட்ஸோடு சாலைத் துறையில் என் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"யோவ் டெஸ், நேத்து ஒரு குடும்பத்தை மரக்கிளையிலேருந்து இறக்குனேன். ஏன் தண்ணிக்குள்ள வண்டிய விட்டீங்கன்னா, குளிக்கிற இடம்னு போர்டு இருந்துச்சேங்கிறாங்க. துண்டெல்லாம் எடுத்து வச்சிருக்காங்கய்யா."

"முட்டாள் டிரைவருக்கு நான் என்ன பண்ண?"

"வண்டியில ஏறு."

அவள் முகத்தைப் பார்த்தபின் மறுக்கத் தோன்றவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பலகை எங்களைக் கடந்தது.

"என்ன போட்டிருந்துச்சு?"

"மேடு பள்ளம்."

"உன்னுதுதான்யா அது."

பிரேக் போட்டாள். எதிரே தரைப்பாலம் இல்லை. பழுப்புத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. முட்டாள் டிரைவர் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்மேலேயே எனக்கு வந்த கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அன்றே புதிதாக வரைந்தேன். தலைகுப்புற ஒரு கார், ஜன்னல் வரை தண்ணீர், வேறொன்றும் இல்லை. பெட்ரோல் பங்கில் இருபது லாரி டிரைவர்களிடம் ஒரே ஒரு நொடி காட்டினேன். இருபது பேரும் சொன்னது ஒன்றுதான்: "போனா மூழ்கிருவேன்."

என் மேலதிகாரி லாக்லன் உதட்டைப் பிதுக்கினார். "பயமா இருக்கேப்பா. சுற்றுலாக்காரங்க திரும்பிப் போயிடுவாங்க."

"அதுக்குத்தான் சார் வரைஞ்சதே."

"அடுத்த வருஷம் பாக்கலாம். அந்த அலை எவ்வளவு அழகு."

பதினோரு வருடமாகக் காத்திருந்த பாராட்டு. வாங்கியதும் காது சூடானது.

"சரி, அலையே இருக்கட்டும். கீழ இதை மாட்டிடறேன்" என்று, கையோடு கொண்டுபோயிருந்த தகரத்தை மேசைமேல் வைத்தேன். கொட்டை எழுத்தில் அவருடைய செல்நம்பர். "கிளையில உக்காந்திருக்கிறவங்க இனிமே உங்களையே கூப்பிடட்டும். நூத்தைம்பது மீட்டர்லேருந்தே தெரியுது, பாத்துட்டேன்."

அவர் தகரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புதிய படத்தில் கையெழுத்துப் போட்டார். என்னோடு அதற்குப்பின் பேசுவதில்லை.

பலகையை நட்டபோது நோலீன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அசிங்கமா இருக்குய்யா" என்றாள் திருப்தியாக.

பின்சீட்டில் துண்டுகள் அடுக்கிய ஒரு கார் வந்தது. பலகையைக் கண்டு நின்றது. ஓட்டியவன் எங்களைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.