லிட்டருக்குப் பன்னிரண்டு

என் சகலையை எங்கள் குடும்பத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லி என்றுதான் சொல்வோம். பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்கப் பாலை மில்லி மில்லியாக அளந்து அளந்து, வீட்டுக்கு வந்தாலும் மனுஷனுக்கு அந்தக் கை நிற்காது. கஷாயத்தைக்கூட மூடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவரும் என் மனைவியின் அக்காவும் மாடியில். நாங்கள் கீழே. எங்களோடு மாமியார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன கார். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மற்ற நாள் அவருக்கு. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கடை கொஞ்சம் தூரம்.

அந்தக் காரைப் பழசாக வாங்கியபோது போய்ப் பார்த்து, தட்டி, முகர்ந்து, கீழே படுத்து எட்டிப் பார்த்து, "இதுதான்" என்று கைகாட்டியவர் மில்லி. முதல் இரண்டு மாசம் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து பன்னிரண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மூன்று வருஷமாக எந்த விசேஷம் என்றாலும், நாலு பேர் கூடினால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். "எங்க வண்டியைப் பார்த்தீங்களா? அசல் குடிகாரன். எங்க சகலை செலக்ட் பண்ணது!" எல்லோரும் சிரிப்பார்கள். மில்லியும் சிரிப்பார். அவர் சிரிக்கிறாரே, அப்புறம் என்ன என்று நானும் விட்டதில்லை.

இந்த வருஷம் திடீரென்று அவருக்கு ஒரு வேகம் வந்தது.

"சகலை, இதைப் பதினேழுக்குத் திரும்பக் கொண்டு வராம விடறதில்லை."

"கொண்டு வாங்க. யார் வேணாம்னா?"

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் செய்ததெல்லாம் நியாயமான காரியம்தான். காற்று வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே ஒரு பறவைக் கூட்டுக்குத் தேவையான அத்தனையும் இருந்தது. புதுசு போட்டார். ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினார். எஞ்சின் ஆயிலை மாற்றினார். டயருக்குக் காற்று சரியாக அடித்தார். வண்டி பதின்மூன்றரை காட்டியது. எனக்கே ஆச்சரியம். "பரவாயில்லையே சகலை" என்று முதுகில் தட்டினேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு.

அடுத்த திங்கட்கிழமை வண்டியை எடுக்கப் போனால், மிதியடி இல்லை. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஜாக்கி இல்லை. என் குடை இல்லை.

"சகலை! ஸ்டெப்னி எங்கே?"

மாடியிலிருந்து தலை நீண்டது. "பதினாலு கிலோ சகலை! சும்மா சுமந்துக்கிட்டுத் திரியறோம்."

"பஞ்சர் ஆனா?"

"மூணு வருஷத்துல எத்தனை தடவை ஆயிருக்கு?"

"குடை என்ன சகலை, குடை எத்தனை கிலோ?"

"முந்நூத்தி எண்பது கிராம்," என்றார், நான் பாராட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

புதன்கிழமை பின் சீட்டே இல்லை. இரும்புத் தரை பளபளவென்று கிடந்தது. வெள்ளிக்கிழமை ஏசி பட்டன் மேல் டேப் ஒட்டியிருந்தது. சரி, ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்றால், வேகமாகப் போகும்போது ஜன்னல் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம், அதனால் அதுவும் கூடாது என்று ஒரு சீட்டு. கடைக்குப் போய் இறங்கியபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். "மழையா?" என்று கேட்டார் முதலாளி. வெளியே சுள்ளென்று வெயில்.

டயரில் வேறு காற்றைக் கல்லு மாதிரி ஏற்றி வைத்திருந்தார். சாலையில் ஒரு பருக்கைக் கல் கிடந்தால்கூட என் பின்மண்டைக்குத் தெரியும். அவரோடு போனால் இன்னும் கொடுமை. இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். ஒரு நாள் அப்படி அணைத்ததும் ஸ்டியரிங் இறுகி, பிரேக் கட்டையாகி, எதிரே ஒரு தண்ணீர் லாரி வர, நான் போட்ட சத்தத்தில் லாரிக்காரன் நிறுத்திவிட்டான்.

"இனிமே எஞ்சினை அணைச்சீங்க, நான் இறங்கிடுவேன்!"

"சரி, அணைக்கலை. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இறக்கத்துலகூட இது தானா ஓட மாட்டேங்குது. யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. என்னமோ இருக்கு சகலை..."

"இருக்கு. உங்க தலைக்குள்ள இருக்கு. வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க."

இத்தனைக்கும் வண்டி ஓடியது பதினாலுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேல் அசையவில்லை. அசையாமல் இருக்க இருக்க அவருக்கு வெறி ஏறியது. ஒரு நாள் மாமியாரிடம் போய், "அத்தை, உங்க எடை என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியாருக்குக் கண்ணில் புரை வளர்ந்து ஆள் அடையாளம் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் வாய் நல்ல தெளிவு. "எதுக்கு மாப்பிள்ளை, என்னையும் கழட்டி மாடியில வைக்கப் போறீங்களா?" என்றார்.

அந்தப் புரைக்கு அறுவை சிகிச்சை. இரண்டு மாசம் காத்திருந்து கிடைத்த தேதி. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எட்டரைக்குள் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே கிளம்பினோம். மில்லி ஓட்டினார். மாமியார் முன்னால். நானும் என் மனைவியும் பின்னால், பின் சீட் இருந்த இடத்தில் போர்வையை மடித்துப் போட்டு, காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ கோளாறு. பத்து நிமிஷம் ஊர்ந்தோம். அப்போது மாமியார்தான் முதலில் சொன்னார்:

"என்னடி இது, எனக்குக் கண்ணு இன்னும் மங்கலாயிடுச்சா? ஒரே வெள்ளையா இருக்கு."

அவர் கண்ணில் கோளாறு இல்லை. முன் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கண்ணாடி முழுக்க வெள்ளையாக நின்றது.

வண்டியை ஓரங்கட்டி, மூடியைத் தூக்கினால், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய அட்டை. டிவி வந்த பெட்டியின் அட்டை. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறியோடு நின்றுகொண்டிருந்தது.

"இது என்ன?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"காத்து உள்ள போனா இழுவை சகலை... அதைத் தடுத்தா..."

"எஞ்சினுக்கு மூச்சு முட்டும்னு தெரியாதா? கொஞ்சமாவது, துளியாவது யோசிக்க மாட்டீங்களா? எதை எடுத்தாலும் மில்லி, எதை எடுத்தாலும் கிராம்! கண்ணு தெரியாத மனுஷி உட்கார்ந்திருக்காங்க! வண்டியை வாங்கினதுதான் லட்சணம்னா, அதைக் கெடுக்கறதுலயாவது ஒரு அளவு வேணாமா?"

நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அட்டையை உருவி, கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

என் மனைவி ஆட்டோ பிடித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனாள். அதே நெரிசலில் ஊர்ந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். "அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து சாலை இறங்கியது; அந்த இறக்கத்தின் கீழே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. எஞ்சின் ஆறியதும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். இறக்கம்தான், ஆனாலும் நாக்குத் தள்ளிவிட்டது. ஒர்க்‌ஷாப் வைத்திருந்தது நாற்பது வயசு இருக்கும் ஓர் அம்மாள். பேண்ட்டும் ஆயில் படிந்த மேல்கோட்டும். நாங்கள் தள்ளி வருவதை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறக்கக்கூட இல்லை. நேராகப் பின்பக்கம் போய், இடதுபக்கச் சக்கரத்தில் கையை வைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சார், இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது. நின்று முக்கால் மணி நேரமாகியும் சூடு அடங்கவில்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். சக்கரம் அரைச் சுற்றுப் போய் முனகிக்கொண்டு நின்றது. "பிரேக் விடலை. வண்டி எந்நேரமும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் ஓடுது. பெட்ரோல் எப்படி நிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே கீழே படுத்தார். மில்லி ஸ்பேர் வாங்கிவர எதிர்க்கடைக்கு ஓடினார். அவர் போன பிறகு அந்த அம்மாள் ஒரு கேபிளை உருவி என் முன்னால் நீட்டினார். கம்பி இழைகள் பிரிந்து உறைக்குள்ளேயே சுருண்டு சிக்கிக் கிடந்தன.

"ஹேண்ட் பிரேக் கேபிள். யாரோ முழு பலத்தையும் போட்டு இழுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக் கணக்கா. யாரு சார் இப்படி இழுக்கறது?"

என் முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் வீட்டு வாசல் சரிவு. வண்டி வாங்கிய புதிதில், எதிர்வீட்டு வேன் ஒன்று தானாக உருண்டுபோய்த் தையல்கடைச் சுவரில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, கூரை வரைக்கும் வருமா என்கிற மாதிரி இழுப்பேன். மில்லி அதைத் தொடவே மாட்டார். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல் வைப்பார். "இவ்வளவு வேணாம் சகலை, மெதுவா இழுத்தா போதும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அளவு பேசுகிறவர் இதிலும் அளவு பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

"தெரியலீங்க," என்றேன் அந்த அம்மாளிடம். "பழைய வண்டி. முன்னாடி வச்சிருந்தவங்களா இருக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேபிளைக் குப்பையில் போட்டார். மில்லி திரும்பி வந்தபோது, "கேபிள் பழசு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாலு நாள் வீட்டில் மில்லிக்கு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். என் மனைவி பேசுவதை நிறுத்தவே இல்லை. அட்டையால்தான் எல்லாமே கெட்டது, ஆஸ்பத்திரித் தேதி போனது, வண்டி வீணானது, மூன்று வருஷப் பெட்ரோல் வீணானது என்று ஒவ்வொன்றாக அவர் தலையில் வந்து விழுந்தது. அவர் வண்டியில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, சாவியைக் கீழே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இனிமே நீங்களே வச்சுக்குங்க சகலை. நான் பஸ்ல போயிக்கறேன்."

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதாவது சொல்லடா என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். வாய் வரவில்லை. என்னென்ன சொல்லிச் சிரித்திருக்கிறேன்! ஒவ்வொரு கல்யாணப் பந்தியும் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழே சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி மறுபடி அட்டைக் கதையை எடுத்தாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"அட்டையால ஒரு நாள் கெட்டுச்சு. மூணு வருஷம் கெட்டது என்னால," என்றேன். கேபிள், ஹேண்ட் பிரேக், இரண்டு கை, மெக்கானிக்கிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். "வண்டி நல்ல வண்டி. சகலை சரியாத்தான் பார்த்து வாங்கினாரு."

 பிறகு மில்லி கேட்டார், மெதுவாக:

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நாலு நாள்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்தைக்குக் கண்ணு இன்னும் கெட்டுப்போனா நான்தான் காரணம்னு நாலு நாளா எனக்குச் சோறு இறங்கலை. மூணு வருஷம் நீங்க சிரிச்சதுகூடப் போகட்டும். இந்த நாலு நாள் எதுக்கு சகலை?"

எழுந்து மாடிக்குப் போய்விட்டார். கை கழுவிய சத்தம்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகு என் மனைவியும் அவள் அக்காவும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் சாலையில் வண்டி தள்ளியதே தேவலை. "அவர் அட்டை வச்சதும் தப்புதான்," என்று மாமியார் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். "ஆனா அவரு வச்சதை ஒத்துக்கிட்டாரு."

வியாழக்கிழமை வந்தது. நான் மாடிக்குப் போய்ச் சாவியை நீட்டினேன். "நீங்க ஓட்டினாத்தான் அத்தை வருவாங்களாம்." பொய்யில்லை, மாமியார் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். மில்லி சாவியை வாங்கிக்கொண்டார். என்னோடு பேசவில்லை. ஏழரைக்கே ஆஸ்பத்திரியில் இருந்தோம். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. திரும்பி வரும்போது இறக்கத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவர் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து அவரே கீழே வந்தார். "பதினாறு புள்ளி எட்டு," என்றார், கோபம் பாதியும் பெருமை பாதியுமாக. பிறகு கைபேசியை என் முன்னால் வைத்தார். "நீங்க யார் யார்கிட்ட என்னைச் சொல்லிச் சிரிச்சீங்களோ, அவங்ககிட்ட எல்லாம் இப்போ இதையும் சொல்லுங்க."

நியாயம்தான். முதலில் எங்கள் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டு, தொண்டை கிழியக் கத்தி, கேபிளிலிருந்து பிரேக் வரைக்கும் இரண்டு தடவை விளக்கினேன்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது," என்றார் சித்தப்பா. "பிரேக்கு கெட்டுப்போன வண்டி. அது சரி, அந்த வண்டியைப் பார்த்து வாங்கினது யாரு?"

"சகலைதான் சித்தப்பா, ஆனா..."

"அதானே பார்த்தேன்!" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது, மில்லி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் சத்தமாச் சொல்லுங்க சகலை" என்றார்.