வேம்புலி நின்ற இடம்

அந்த நகரத்தில் மனிதர்களும் வண்டி நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்துதான் நின்றார்கள். அதற்கு வழிவிட்ட அநீதிகளை வேம்புலி வரிசை மாறாமல் சொல்வார். முதலாவது, தெருவோரங்களைக் கார்களுக்கு எழுதிக்கொடுத்தது. இரண்டாவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கும் எதுவும் வண்டியே என்று அறிவித்துக் கணுக்காலில் பூட்டுப் போட்டது. மூன்றாவது, அதைக் கண்டித்து நின்றவர்களுக்கும் பூட்டுப் போட்டது. நான்காவதுதான் மன்னிக்க முடியாதது. மணிக்கூண்டு முனையில் முப்பத்தொரு ஆண்டுகள் நின்று அவர் கோஷம் போட்ட இடத்தை ஒரு சாம்பல் நிறக் காருக்கு ஒதுக்கினார்கள். அந்தக் கார் இன்னும் தயாரிக்கப்படவில்லை.

விட்டுப்போனால் தோல்வி, நின்றால் பூட்டு. எனவே எட்டு மாதமாக வேம்புலி அந்த இடத்தைச் சுற்றி நடந்தபடியே பேசினார். கேட்க வந்தவர்களும் பின்னால் நடந்தபடியே கேட்டார்கள்.

"தோழர், கோயிலைச் சுத்தியிருந்தா இந்நேரம் சாமியே எறங்கி வந்திருக்கும்" என்றார் டீக்கடை காசிம் பாய்.

"சாமிக்கு நிரந்தர இடம் இருக்கு பாய். அது எதுக்கு எறங்கப்போவுது?"

திங்கட்கிழமை நிறுத்துமிட அலுவலர் மங்கையர்க்கரசி பதிவேட்டோடு வந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குக் காரின் பதிவு நிரந்தரமாகிவிடும். அதன்பின் சுற்றி நடக்கவும் கூடாது.

"ஐயா, நிக்காம பேசுங்க" என்றார்.

"நின்னு பேசத்தாம்மா இத்தனை பாடு."

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. வேம்புலி தோளிலிருந்த துண்டை உருவி, பஸ் ஜன்னல் வழியாக வீசுவதுபோல அந்த இடத்தில் வீசினார்.

அலுவலர் குனிந்தார், தொடாமல் நிமிர்ந்தார். அந்த நாட்டில் ஒரே வாரத்தில் மூன்று கட்சி மாறியவர்கள் உண்டு. அடுத்தவர் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தவர் இல்லை.

"கார்காரர் துண்டு போட்டிருக்காரா?" என்று காசிம் பாய் கேட்டார்.

அலுவலர் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினார். "ரசீது இருக்கு. துண்டு இல்ல."

"அப்புறம் என்னம்மா பேச்சு?"

காரின் பதிவு அடித்து நீக்கப்பட்டது. வேம்புலி இரண்டு கால்களையும் ஊன்றி நின்றார். தரை மட்டும் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. பின்னால் வந்த கூட்டம் துண்டும் துப்பட்டாவும் கைக்குட்டையுமாகத் தெரு முழுக்க வீசியது. மாலைக்குள் கார்களுக்கு ஒரு சாண் இடமில்லை.

அந்த இடத்தின் புதிய ஒதுக்கீட்டை மூன்று சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும். காசிம் பாய் வந்தார். பூக்கடை ஸ்டெல்லா வந்தார். மற்றவர்கள் தங்கள் துண்டை விட்டு நகர மறுத்தார்கள். அப்போது சிறுமழை ஒன்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ஓரமா வாங்க. சாட்சிக்கு ஒரு ஆள் கொறையுது" என்று அலுவலர் கூப்பிட்டார்.

மழை டீக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கியது. முன்பதிவு இல்லாததால் அதற்கு ஐந்து நிமிடமே இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது. எழுத்து சற்றுச் சாய்வாக இருந்தாலும் தெளிவாகவே இருந்தது.

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே எழுதிய பெயரை மூன்று சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"சி. வேம்புலி."