சுவரில் தொங்கிய நிழல்

பூர்கோஸ் நகர அருங்காட்சியகத்தில் ஓவியங்களை நகல் எடுக்கிறவர்களுக்கு ஒரு கறாரான விதி உண்டு. நகலானது அசலைவிட நாலு பக்கமும் ஒரு கையகலம் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். அளவு ஒத்துப்போனால் அது வாசலைத் தாண்டாது. நாளைக்கு அதையே அசலென்று எவனாவது விற்றுவிடலாம் அல்லவா?

பல வருஷமாக அங்கே நகல் வரையும் கசில்தாவுக்கு இது தெரியாததல்ல. லெர்மா ஊர்ச் சத்திரக்காரர் எலாதியோ, தன் புதிய சாப்பாட்டுக் கூடத்துக்குப் அந்த ஊர்ப் பழைய பிரபுவின் வீட்டிலிருந்து வந்த சமையலறைப் படத்தின் நகலைக் கேட்டபோது, அவள் சுவரிலிருந்த அளவுச் சீட்டைப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு கையகலம் குறைத்துத்தான் கித்தானை அடித்தாள். வெள்ளரிக்காய் நறுக்கும் கிழவி, மேசையடியில் நாய், பின்சுவரில், படத்தின் மேல் ஓரத்தையொட்டி, ஏதோ தொங்குவது போல் ஒரு நிழல். தொங்கும் பொருள் மட்டும் படத்தில் இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அது பூண்டுச் சரமா, புறாவா என்று வழக்காடிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை கை என்னமோ தானாக ஓடியது. வயசின் பக்குவம் என்று கசில்தா நினைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்த வாரம், அசலின் சட்டத்தில் பூச்சி விழுந்திருப்பதாகச் சொல்லிப் படத்தைக் கீழே இறக்கினார்கள். சட்டம் கழன்ற அசல் நகலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காவலர் பெலாயோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கேம்மா."

அளவு நாடாவை வைத்தால் இரண்டுக்கும் இம்மி பிசகவில்லை. பெலாயோ தலையைச் சொறிந்தார். சனிக்கிழமை எலாதியோ வண்டியோடு வந்துவிடுவார். படத்தை வெளியே விட முடியாது. குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு கிடங்கில் கிடக்க வேண்டியதுதான்.

கசில்தா புலம்பவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. அசலின் ஓரத்தில் குனிந்தாள். புதுக் கித்தானைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தால், ஆணி இழுக்கும் இடங்களில் நூல் வளையும். மேலே பூசும் சுண்ணம் காய்ந்ததும் அந்த வளைவு அப்படியே உறைந்துவிடும். எந்தப் பழைய படத்தின் ஓரத்திலும் அந்த அலையைப் பார்க்கலாம். இதில் நாலு பக்கமும் நூல் நேராக ஓடியது.

"இது வெட்டின ஓரம் பெலாயோ. கத்தியால வெட்டியிருக்காங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபுவின் மாளிகை எரிந்த கதை அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வேலைக்காரர்கள் படங்களைச் சட்டத்திலிருந்து அறுத்துச் சுருட்டி ஜன்னல் வழியே வீசினார்களாம். தப்பிப் பிழைத்தவற்றுக்காகத்தான் இந்தக் கட்டடமே எழுந்தது. சீட்டிலிருந்த அளவு, தீக்கு முன்னால் பிரபு வீட்டில் எடுத்தது. அதற்கப்புறம் அதை யாரும் சரிபார்க்கவில்லை. கத்தி பக்கத்துக்கு ஒரு கையகலத்தைத் தின்றிருந்தது; நிழலுக்குரிய பொருளும் அதோடு போயிருக்க வேண்டும். அவளும் அதே கையகலத்தைக் குறைத்திருக்கிறாள்.

நகலின் ஓரத்தை இன்னும் மடித்துச் சின்னதாக்கிவிடலாம் என்றார் பெலாயோ. நாயின் வால் போகும், அவ்வளவுதானே?

"ஏற்கெனவே ஒருத்தன் வெட்டினது போதும்" என்றாள் கசில்தா.

அவள் எப்போதும் கித்தானைத் தாராளமாக விட்டுப் பின்பக்கம் மடித்து அடிப்பவள். ஆணிகளைப் பிடுங்கி மடிப்பைப் பிரித்தாள். பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டியதும், படத்தைச் சுற்றி வெறும் சுண்ணம் பூசிய வெள்ளை ஓரம் ஒரு கையகலத்துக்கு எழுந்து நின்றது. பெலாயோ அளந்தார். சீட்டிலிருந்த பழைய அளவே வந்தது. நகலின் முதுகில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

சனிக்கிழமை எலாதியோவின் முகம் சுருங்கியது.

"என்னம்மா, மேல பாதி வேலை நிக்குது? அந்த நிழலுக்கு மேல ஒரு பூண்டாவது போட்டுக் குடுங்களேன்."

"நான் பாத்ததைத்தான் வரைவேன். அது பூண்டா புறாவான்னு யாரு கண்டா?"

"சாப்பிட வர்றவன் கேப்பானே."

"கேக்கட்டும். ஆட்டுக்கறி வேகுற வரைக்கும் அவனுக்கும் பேச ஏதாவது வேணாமா? தீப்பிடிச்ச கதையைச் சொல்லுங்க."

எலாதியோ வெள்ளை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கம்பளியைச் சுற்றிப் படத்தை வண்டியில் ஏற்றினார். வாசலில் பெலாயோ மறிக்கவில்லை. அவர் உள்ளே, அசலின் சீட்டில் இரண்டாவதாக ஓர் அளவை எழுதிக்கொண்டிருந்தார்.