மூக்கைச் சொறிந்தால் பேரிங்

சலவைக்கூடத்தில் எட்டு மிஷின்கள். ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற ஏழும் ஓடும், அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மெக்கானிக்கின் மனைவிக்குக் கவலை வந்தது வேறு காரணத்தால். முன்னறையை விட்டு நகராத முதலாளியம்மா இன்றைக்கு எழுந்து வந்து, நின்று நின்று ஓடும் கடைசி மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

"மெதுவா பாருங்கண்ணே, அவசரமில்ல" என்றாள் முதலாளியம்மா. அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டு தலைமாட்டில் நிற்பவர்களைப் போல அவசரப்படுத்துகிறவர்கள் உலகத்தில் கிடையாது.

"சரி சரி" என்றார் மெக்கானிக். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. அது அந்தக் கூடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எதிர் மேஜையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு.

ஒரு வருஷமாகவே அவர் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் கதவு தட்டும் சத்தம் போனது, அப்புறம் போன் மணி, அப்புறம் மகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது. "எல்லாரும் முணுமுணுக்கறீங்க, வாயைத் திறந்து பேசினா என்ன?" என்று அவர் ஊர் மேல் பழி போட்டார். "மிஷின் சத்தத்துல யாருக்குத்தான் கேக்குது" என்று அவளும் ஒத்து ஊதினாள். மகளைத் திட்டும்போது 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று வாய் வரைக்கும் வந்ததை அவள் நாக்கைக் கடித்து விழுங்கியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அந்த வீட்டில் ஆளுக்கொரு பக்கம் சோற்றை அள்ளிப் போட்டு மறைத்தார்கள்.

மறைக்காமல் என்ன செய்வது? இஸ்திரி போட்ட பெரியவருக்குக் கண் மங்கியபோது முதலாளியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல வார்த்தை சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினாள். ஆனாலும் அனுப்பினாள்.

இத்தனைக்கும் மெக்கானிக்குக் காதுதான் பாதிக் கருவி. ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டால் நோய் தெரியும். கரகரவென்று அரைத்தால் பேரிங், விட்டுவிட்டுச் சடசடத்தால் மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டை. இப்போதும் அவர் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மனைவி பக்கம் திருப்புவார். இத்தனை வருஷப் பழக்கத்தில் எதிர் மேஜையிலிருந்தே அவளுக்கு அந்தச் சத்தம் பிரிந்து கேட்கும். அவள் மூக்கைச் சொறிந்தால் பேரிங், முடியை ஒதுக்கினால் கார்பன். இதையும் அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. போன மாதம் சோப்புத்தூள் பறந்து அவளுக்கு நிஜமாகவே மூக்கு அரித்துவிட்டது. மனுஷன் நன்றாக இருந்த பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை.

இன்றைக்கு அவள் முடியை இரண்டு தடவை ஒதுக்கினாள். அவர் தலையசைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டார், பின்பக்கத் தகட்டைக் கழற்றினார், பெல்ட்டை உருவி மோட்டாரை வெளியே எடுத்தார். கார்பன் கட்டை இரண்டும் தேய்ந்து நகம் அளவுக்கு நின்றன. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கருத்துப்போன செப்புப் பட்டைகளை அவர் நைஸான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார், புதுக் கட்டைகளை ஸ்பிரிங்கோடு உள்ளே தள்ளினார், மோட்டாரை அதன் இடத்தில் பூட்டினார். கை மட்டும் என்றைக்கும் போல இருந்தது. அந்தக் கையைப் பார்க்கும்போது, இன்னும் பத்து வருஷம் இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மிச்சம் பெல்ட்தான். மோட்டாரின் சின்னச் சக்கரத்தில் ஒரு பக்கத்தை மாட்டி, பெரிய சக்கரத்தின் விளிம்பில் மறுபக்கத்தை ஏற்றி, விரலால் அழுத்திக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அவர் குனிந்து, மிஷினுக்குள் தோள் வரைக்கும் நுழைந்திருந்தார்.

முதலாளியம்மாவுக்கு வேலை முடிந்த மாதிரி தெரிந்திருக்கிறது. கீழே கிடந்த ப்ளக்கை எடுத்துச் சொருகினாள். கட்டை விரலைச் சுவிட்சில் வைத்தாள்.

"அண்ணே, போடட்டுமா?"

"சரி சரி" என்றார் அவர், உள்ளேயிருந்து. முதுகுப் பக்கம் யாரோ ஏதோ கேட்டது போல இருந்தால் அவர் சொல்லும் பதில் அதுதான். ஒரு வருஷமாக எல்லோருக்கும் அதைச் சொல்லித்தான் தப்பித்து வந்தார்.

அது பழைய மிஷின். கரண்ட் வந்தால் விட்ட இடத்திலிருந்து தானாகச் சுற்றும். அவருடைய நான்கு விரல்கள் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தன.

மனைவி கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். அவரைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, அவ்வளவு தூரம் ஓடவும் நேரமில்லை.

"அம்மா, போடாதீங்க! அவருக்குக் காது கேக்காது!"

ஏழு மிஷின் சத்தத்தையும் தாண்டி அது கூடம் முழுவதும் கேட்டது. மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். முதலாளியம்மா சுட்டுக்கொண்டவளைப் போலக் கையை இழுத்தாள், ப்ளக்கைப் பிடுங்கினாள், பிடுங்கிய பிறகும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவர்தானே சரின்னு சொன்னாரு" என்றாள்.

"எது கேட்டாலும் அதான் சொல்வாரு" என்றாள் மனைவி.

கேட்காதவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் சக்கரத்தை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார், பெல்ட் உட்கார்ந்ததைத் தடவிப் பார்த்தார், தகட்டைப் பூட்டினார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுது, இப்பப் போடலாம்" என்றார், முகமெல்லாம் பெருமையாக. அப்புறம்தான் அந்த முகங்களைப் பார்த்தார்.

"என்ன?"

முதலாளியம்மா மனைவியைப் பார்த்தாள். "டாக்டரைப் பாத்துட்டு வரட்டும் அண்ணி. டாக்டர் என்ன சொல்றார்னு தெரியற வரைக்கும் மிஷின்ல கை வைக்க வேண்டாம். நான் பாவம் சுமக்க முடியாது" என்றாள்.

எப்போதும் போல மெக்கானிக் மனைவியின் வாயைப் பார்த்தார். முதலாளியம்மா சொல்வதில் கசப்பானதை வடிகட்டித்தான் அவள் இத்தனை நாளும் அவருக்குக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கு அவளால் முடியவில்லை. கிட்டே போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, உரக்கச் சொன்னாள்.

"உங்களுக்குக் காது கேக்கலைன்னு சொல்லிட்டேங்க. டாக்டரைப் பாக்கற வரைக்கும் மிஷினைத் தொட வேண்டாங்கறாங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். முணுமுணுக்கிறீர்கள் என்பார், இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாயே என்பார். அவர் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த விரல்களையே துடைத்தார்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றார் கடைசியில்.

"உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே."

"நீ பயப்படுவியேன்னுதான் நான் சொல்லல."

ஒரு வருஷம் பயந்து செத்தவளிடம் சொல்கிறார் மனுஷன்.

அவர் முதலாளியம்மாவிடமிருந்து ப்ளக்கை வாங்கி மனைவியின் கையில் கொடுத்தார். இரண்டடி தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நீ போடு. எப்படி ஓடுதுன்னு கேட்டுச் சொல்லு."

அவள் போட்டாள். டிரம் மெல்ல அசைந்தது, இடப்பக்கம் ஒரு சுற்று, நின்று, வலப்பக்கம் ஒரு சுற்று. அவள் குனிந்து காதைத் தகட்டில் வைத்துக் கேட்டாள். அரைக்கவில்லை, சடசடக்கவில்லை. நிமிர்ந்தாள். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கண் அவள் கையில் இருந்தது, கை முடிக்குப் போகிறதா மூக்குக்குப் போகிறதா என்று.

அவள் கையைத் தூக்கவில்லை. அவர் காதோரம் வாயைக் கொண்டுபோய், "சத்தமே இல்லைங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.