பூக்கட்டும், வரேன்

இஸ்திரிப் பெட்டியைச் செய்தித்தாள் மேல் அழுத்தித் தேய்த்தாள் தங்கை. ஆவி பறந்தது. காய்ந்த தாளை இடப்பக்கம் எறிந்தாள், அடுத்த ஈரத் தாளை இழுத்தாள், மறுபடி தேய்த்தாள். சமையலறை மேடை முழுக்கப் பழைய பேப்பர். நடுவில், தோல் வார் அவிழ்ந்த இரண்டு மரப் பலகைகள். அவற்றின் இடையே தட்டையாக, விரல் நீளத்துக்கு ஒரு செடி.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அக்கா கிடந்தாள்.

"இங்க என்ன பண்றே நீ?" வாசலில் கணவர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு. "வர்றவங்கல்லாம் தங்கச்சி எங்கேன்னு கேக்கறாங்க. நீ துணி தேச்சிக்கிட்டிருக்கே."

"துணி இல்ல. பேப்பர்."

"சரி, பேப்பர். ரொம்ப முக்கியம்."

"தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

அக்கா வீட்டில் பேப்பர் என்றால் படிப்பதற்கு அல்ல. பறித்த செடியை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, பலகையால் நெருக்கி, முதல் ஒரு வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் பூஞ்சை. இதைக் கேட்டுக் கேட்டுத் தங்கைக்குக் காதே புளித்திருக்கிறது. அக்கா போய்ச் சேர்ந்தது முந்தாநாள் ராத்திரி, தூக்கத்தில். காலைப் பேப்பர் பத்து மணி வரை வாசலிலேயே கிடந்ததைப் பார்த்துத்தான் மாடி வீட்டம்மா கதவைத் தட்டியிருக்கிறாள். ஆக, இரண்டு நாளாகத் தாள் மாறவில்லை. வெளியே விடாத மழை வேறு.

தங்கை குனிந்து பார்த்தாள். ஓர் இலையின் ஓரத்தில், ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் பஞ்சு. நுனியில் கடுகளவு நீலப் பூக்கள் மூன்று. அவற்றில் இன்னும் பூஞ்சை பிடிக்கவில்லை.

விளக்கு அணைந்தது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்புப் பொட்டும் அணைந்தது.

"போச்சு," என்றாள் மாடி வீட்டம்மா கூடத்திலிருந்து. "நாலு தூறல் விழுந்தா போதும், இந்தத் தெருவுல முதல்ல கரண்ட்டுக்குத்தான் ஜலதோஷம்."

தங்கை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. காய்ந்த தாள்களை அடுக்கினாள், பலகையை மூடினாள், முழங்காலை அதன்மேல் வைத்து அழுத்தி வாரை இறுக்கினாள்.

"எங்க கிளம்பறே?"

"அக்கா ஆபீசுக்கு. அங்க செடி காய வைக்கற பெட்டி இருக்கு. கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு."

"மணி ரெண்டு. நாலு மணிக்கு வண்டி வந்துடும். நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். ஒரு செடி பூக்கணும்னு பதினோரு வருஷம் உக்காந்திருந்தா அவ. பூத்த கையோட போயிட்டா. நான் ஒரு ரெண்டு மணி நேரம் போயிட்டு வரக் கூடாதா?"

கூடத்தைக் கடக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கடந்தாள்.

டாக்சிக்காரர் அவள் மடியைப் பார்த்தார். "என்ன மேடம், செஸ் போர்டா?"

"செடி."

"தொட்டியில வெச்சா நல்லா வருமே," என்றார் அக்கறையாக.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாறை இடுக்கில் அந்தச் செடியை அக்கா பார்த்தாள். இலை மட்டும்தான். உலகத்தில் இதுவரை யாரும் எழுதி வைக்காத இனம் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் பூவைப் பார்க்காமல் புதுசு என்று அடித்துச் சொல்ல முடியாது. சொன்னாலும் போதாது. பெயர் நிற்க வேண்டுமானால், பூவோடு காய்ந்த ஓர் உடல் அலமாரியில் இருந்தாக வேண்டும். நாளைக்கு எவனாவது சந்தேகப்பட்டு வந்தால் எடுத்துக் காட்ட அதுதான் சாட்சி.

அதன் பிறகு இரண்டு வருஷத்தில் அக்கா ரிடையர் ஆனாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தனிக்கட்டை. "எங்க வீட்டுக்கே வந்துடுக்கா," என்று தங்கை கூப்பிட்டாள். "செடி பூக்கட்டும்டி, வரேன்," என்றாள் அக்கா. அடுத்த வருஷமும் கூப்பிட்டாள். "பூத்துச்சாக்கா?" "இன்னும் இல்லடி." அப்புறம் அது குடும்பத்தில் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. "உங்கக்கா செடி பூக்கறதுக்குள்ள நான் தாத்தா ஆயிடுவேன்," என்பார் கணவர். ஆகியும் விட்டார்.

ஒரு புல்பூண்டுக்காகக் கூடப்பிறந்தவளை வேண்டாமென்றவள் என்று தங்கைக்கு உள்ளூரக் கோபம். இன்றைக்குக் கோபப்படவும் ஆள் இல்லை. மிச்சம் இருப்பது இந்தப் பலகைக்குள் இருப்பதுதான். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லையாம், மற்றவர்கள் வைக்கலாமாம். அக்காவே சொன்னது. பிள்ளையா குட்டியா அவளுக்கு? அந்தச் செடிக்காவது அவள் பெயர் இருக்கட்டும். அவளைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் இது காயும் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

டாக்சி ஜன்னலில் மழை அடித்தது. பலகையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அக்காவின் ஆபீசான ஹெர்பேரியத்தில், காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் அந்தப் பழைய கட்டடத்தின் மாடிப்படியில், ஒரு பெரியவர் குடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டை. பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கோந்து சார்?" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் உறைத்தது. "மன்னிக்கணும். அக்கா அப்படியே சொல்லிச் சொல்லி..."

"பரவால்லம்மா. என் வீட்டுக்காரியே அப்படித்தான் கூப்பிடறா." முப்பது வருஷமாகக் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுகிற மனிதர். "உங்கக்கா வீட்டுக்குத்தான் கிளம்பிக்கிட்டிருந்தேன். நீங்க எதுக்கு இங்க..."

அவள் பலகையை நீட்டினாள். அவர் குடையைச் சுவரில் சாத்தினார்.

உள்ளே அந்துருண்டை வாசனை. ஆளுயர இரும்பு அலமாரிகள், வரிசை வரிசையாக. ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் ஒரு கைலென்ஸ், இரண்டாக ஒடித்த பென்சில், பாதி குடித்த தண்ணீர்க் குவளை. "ரிடையர் ஆனப்புறமும் தினம் வருவாங்க. இதுதான் அவங்க இடம்," என்றார். குவளையை யாரும் நகர்த்தியிருக்கவில்லை.

மேஜை விளக்கின் கீழே தாளை விலக்கினார். மெல்லிய தூரிகையால் பூஞ்சையை ஒற்றி எடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். புதுத் தாளுக்கு மாற்றி, உலர் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"தப்பிச்சுடுமா?"

"தப்பிச்சுடும்மா. நாளன்னிக்கு ஒட்டிடலாம்."

அவள் நனைந்த புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். "சார், ஒண்ணு கேக்கணும். இதுக்குப் பேர் வைக்கும்போது அக்கா பேரை வைக்க முடியுமா? நீங்க வைக்கலாம் இல்ல? அவதான் வைக்கக் கூடாது."

கோந்து கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"உங்ககிட்ட சொல்லலையாம்மா அவங்க?"

"எதை?"

அவர் மூன்றாவது வரிசைக்குப் போனார். அலமாரியைத் திறந்து, பழுப்பு அட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தேயிலை நிறத்தில் ஒரு செடி. விரல் நீளம். நுனியில் கடுகளவு மூன்று புள்ளிகள்.

"இது நூத்தி முப்பது வருஷத்துக்கு முன்னாடி பறிச்சது. அப்பவே பேர் வெச்சுட்டாங்க. தப்பான அலமாரியில போய் உக்காந்திருந்தது, யார் கண்ணுலயும் படல. உங்கக்காதான் தேடி எடுத்தாங்க."

தாளின் ஓரத்தில் சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. சாய்ந்த கையெழுத்து. பழைய பெயர், கீழே, 'நான் புதிது என்று நினைத்தது இதுதான். இரண்டும் ஒன்றே.' கையெழுத்து. தேதி.

"இந்தச் சீட்டை நான்தான் ஒட்டினேன்," என்றார்.

தங்கை தேதியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. தங்கையும் கணவரும் இப்போதிருக்கும் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்த வாரம். புது வீட்டிலிருந்து போன் பண்ணி முதல் தடவையாக "வந்துடுக்கா" என்று சொன்னது அப்போதுதான். சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து கணவர், "அவங்க கட்டிலை எங்க போடறதாம்?" என்றார். இவள் சட்டென்று போனைக் கையால் பொத்தினாள். அந்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் அக்கா, "செடி பூக்கட்டும்டி," என்றாள்.

"அப்போ பூக்கறதுக்காகத்தான் அக்கா காத்திருந்தாள்னு..." தங்கை நிறுத்தினாள். "இது பூக்கவே இத்தனை வருஷம் ஆச்சே சார்."

"இல்லையேம்மா." அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "வருஷா வருஷம் பூக்கும். மழை பிடிச்ச ரெண்டாவது வாரம்."

அலமாரியிலிருந்து அந்தப் பழுப்பு அட்டையையும் எடுத்து வந்து முழுதாக விரித்துக் காட்டினார். தாளுக்கு ஒரு செடி, எல்லாம் பூவோடு. அடியிலிருந்த பழைய தாள்களில் பூவின் நீலம் வெளுத்திருந்தது. மேலே வர வர நிறம் கூடியது. ஒவ்வொன்றின் கீழும் அக்கா கைப்பட எழுதிய சீட்டு: இடம், நாள், பறித்தவர் பெயர். 'உடன் சென்றவர்' என்று அச்சடித்த இடத்தில் எல்லாவற்றிலும் ஒரு சின்னக் கோடு.

"தெரிஞ்ச செடிதானே, எதுக்கு வருஷா வருஷம்னு நான் கேக்கல," என்றார் கோந்து. "அவங்களும் சொல்லல. ஒட்டச் சொல்லுவாங்க, ஒட்டுவேன்."

கைப்பையில் போன் அதிர்ந்தது. கணவராகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"கிளம்பலாம்மா, மணி மூணரை ஆகுது." அவர் அட்டையை மூடி, நாடாவைக் கட்டினார். கதவருகே குடையை எடுத்தவர் திரும்பினார். "இந்த வருஷம் பூத்ததையாவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல சார்," என்றாள்.

சொன்னாள் அக்கா. மூன்று நாள் முன்னால், சாயங்காலம், போன் பண்ணி. "பூத்துடுச்சுடி," என்றாள் அக்கா. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் கண் தன்னை அறியாமல் கூடத்தை அளந்தது: சோபா, டிவி, பேரனின் தொட்டில்.

"சந்தோஷம்க்கா. அடுப்புல பால் பொங்குது, அப்புறம் பேசட்டுமா?" என்று வைத்துவிட்டாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.