செப்பு இழை

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பெரியவள் வாசலில் வேனின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். சாவு வீட்டில் மகள் கையில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்போடு நிற்பதைப் பார்த்து, வந்தவர்கள் ஒதுங்கி உள்ளே போனார்கள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? உள்ள வந்து அம்மா பக்கத்துல உக்காரு" என்றாள் அத்தை.

"அவன் எந்த லட்சணத்துல வேலை பாத்திருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வரேன். நீங்க போங்க அத்தை."

அவன் என்றால் தம்பி. அப்பாவின் மெக்கானிக் கடையில்தான் மூன்று பேருக்கும் வேலை. வயரிங் எல்லாம் இவள் பொறுப்பு. போன வாரம் இவள் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, இந்த வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்திருக்கிறது. தம்பி இன்ஜினுக்குக் கரண்ட் விடும் ரிலேயைப் புதிதாக மாற்றியிருக்கிறான். நேற்று, மூச்சுத் திணறிய அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனபோது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

நேற்றிலிருந்து சொந்தபந்தம் முழுக்கத் தம்பியைத்தான் காய்ச்சியெடுத்தது. அவளும் சும்மா விடவில்லை. அவன் வாயே திறக்கவில்லை.

"சாவியைப் போடுடா."

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி போட்டான். ரிலே 'டிக்' என்றது. ரிலேயிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வயரில் விளக்கை வைத்தாள். எரிந்தது. ரிலேயை விரலால் லேசாக அசைத்தாள். அணைந்தது.

"ரிலே நல்லாத்தான்டா இருக்கு! அதைச் சொருகுற சாக்கெட்தான் லூஸு. ரிலேயைப் பிடுங்கினப்ப கண்ணை எங்கடா வச்சிருந்த? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

அவன் சாவியை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

ரிலேயைப் பிடுங்கினாள். அதன் ஒரு காலில் மெல்லிய செப்பு இழை சுற்றியிருந்தது. தளர்ந்த சாக்கெட்டில் கால் இறுகி நிற்கச் செய்கிற ஒட்டுவேலை. வண்டி ஆட ஆட இழை நழுவிக் கருகிப்போயிருந்தது. திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். இழையின் நுனி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. கடையில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

"இது அப்பா வேலைடா."

"சாக்கெட்டையே மாத்தணும்னுதான் சொன்னேன்க்கா. தள்ளுடா, எனக்குத் தெரியாததான்னு அவரே சுத்திப் போட்டாரு."

"அப்புறம் ஏன்டா எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிட்டு மரம் மாதிரி நிக்கற?"

"பாலத்துல அம்மா தலை அவர் மடியில இருந்துச்சு. நான் என்னத்தக்கா சொல்ல?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுடைய நல்ல மனசும் வேண்டாம், அவருடைய அனுபவமும் வேண்டாம், அம்மா வேண்டும். இழையை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குள் போனாள். இத்தனை பேர் முன்னால் கேட்டே விடுவது என்றுதான் போனாள்.

அப்பா அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா? அந்தப் பய என்னதான் பண்ணி வச்சிருந்தான்?"

நிஜமாகவே மறந்துவிட்டாரா, இல்லை மறந்ததுபோல் இருக்கிறாரா? எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அவன் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். கையை விரித்து, அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவர் இழையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, மகனைக் கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார்.

அவருக்குப் பதிலாக அவள் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.