அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே

மணி இரண்டாகப்போகிறது, அக்கா இன்னும் சாப்பிடவில்லை என்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி அவள் நினைத்துக்கொண்டாள். அக்கா வீட்டை விட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய கடைவாய்ப் பல் மட்டும் பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில், தண்ணீர்க் கிண்ணத்தில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் அது மெல்லும்.

அடைத்த பற்களில், அடைப்பை ஒட்டும் பசை எவ்வளவு ஆழம் இறங்கிப் பிடித்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது தங்கையின் வேலை. பிடுங்கிய பற்களைச் சாயத்தில் ஊறப்போட்டு, வைரச் சக்கரத்தால் இரண்டாக வெட்டி, சாயம் கசிந்த தூரத்தை அளப்பாள். முன்பே அடைத்திருந்து, பிறகு வேர் பிளந்து பிடுங்க நேர்ந்த தன் பல்லை அக்கா ஒரு மாத்திரை டப்பாவில் கொண்டுவந்தாள். "இந்தா, உன் மிஷினுக்குத் தீனி. என்னைத்தான் ஏறெடுத்துப் பாக்க மாட்டே, இதையாவது உத்துப் பாரு." அடுத்த வாரம் ஆளைக் காணோம்.

உலர்ந்த பல்லில் அடைப்பின் ஓரம் தானாகவே பிளக்கும். அக்காவின் பல்லில் அது தண்ணீருக்குள் இருந்தபடியே, தலைமுடியின் நூறில் ஒரு பங்கு அகலத்துக்குத் திறந்து மூடியது. இருபது நிமிடம், பிறகு ஓய்வு. ஒரு மழைக்காலம் முழுக்க நாளுக்கு ஒரு வேளைதான். ஒரு வருடம், பக்கத்தில் யாரோ நின்று பார்ப்பதுபோல அவசர அவசரமாக. இருபது வருடம் ஒரே அறையில் படுத்தபோது அக்கா சாப்பிட்டாளா என்று ஒருநாளும் கேட்டிராதவளுக்கு இப்போது அது நிமிடக் கணக்கில் தெரிந்தது. வீட்டில் அம்மா, போனில் சேதி வந்த பிறகுதான் தட்டை எடுப்பாள்.

"சாப்பிட்டாளாடி?"

"சாப்பிட்டாம்மா."

"மென்னு தின்னாளா, இல்ல வழக்கம்போல முழுங்கிட்டாளா?"

மூன்றாம் ஆண்டு, படம் தெளிவாக விழட்டும் என்று உப்புத்தாளால் ஒரே ஒருமுறை பல்லைத் தேய்த்தாள். நான்கு நாள் அது திறக்கவில்லை. அம்மாவும் தட்டை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், வாயில் புண் உள்ளவர்கள் மெல்வதுபோல, பயந்து பயந்து திறந்தது.

இன்றைக்கு இரண்டேகாலுக்கு அடைப்பின் ஓரக் கோடு அசைந்தது. பின்னால் வந்து நின்ற பேராசிரியர் தானும் குனிந்து பார்த்தார். அந்தத் துறையில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

"இத்தனை வருஷம் திறந்து மூடியும் விழாத அடைப்பு இது ஒண்ணுதாம்மா. உள்ள எப்படிப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா எத்தனை பேருக்கு உதவும்! ஒரே ஒரு வெட்டு."

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே பார்க்கும் ஆசை அவளுக்கும் இருந்தது; அக்கா விஷயத்தில் எப்போதும் காலம் கடந்தே வரும் ஆசை.

"மாட்டேன் சார்."

"உனக்குக் கஷ்டம்னா வேற யாரையாவது வெட்டச் சொல்றேன்."

"அதுவும் வேணாம் சார்," என்றாள், கண்ணை எடுக்காமல். "அக்கா இப்பதான் சாப்பிட உக்காந்திருக்கா."